அடுப்புக்கு மூச்சு முட்டும்போது

கேஸ் அடுப்பு பழுது பார்க்க வருகிறவர் பெரிய பெட்டி எதையும் தூக்கிக்கொண்டு வருவதில்லை. இரண்டு ஸ்பானர், ஒரு திருப்புளி, மெல்லிய ஊசி, கொஞ்சம் கிரீஸ், சின்ன டப்பாவில் நாலைந்து பித்தளை ஜெட்டுகள். அடுப்பைப் பற்றவைத்துச் சுடரைப் பார்ப்பார். அணைத்துவிட்டுக் கவிழ்ப்பார். எதையோ ஊதுவார், எதையோ துடைப்பார். கால்மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். இதற்கா இவ்வளவு காசு என்று முணுமுணுக்காத வீடு குறைவு. அந்தக் கால்மணி நேரத்தில் அவர் செய்வது பெரும்பாலும் காற்று வரும் வழியைத் திறந்துவிடுகிற வேலைதான். கேஸ் தன் பாட்டுக்கு ஒழுங்காக வந்துகொண்டிருக்கும். அதோடு சேர வேண்டிய காற்றுதான் எங்கோ வழியில் தடுக்கப்பட்டிருக்கும்.

சிலிண்டரில் இருந்து தொடங்கினால் இது விளங்கும். உள்ளே இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவம். வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ. புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியில் கொதிக்கும், பியூட்டேன் பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே. நம் ஊர் வெயிலில் இவை திரவமாக அடங்கிக் கிடப்பது இரும்புச் சுவர் தரும் அழுத்தத்தால் மட்டுமே. வெளிக்காற்றைப் போலப் பல மடங்கான அந்த அழுத்தத்தை ரெகுலேட்டர் அடக்கி, வெறும் 30 மில்லிபார் அளவுக்குக் குறைத்து டியூபுக்குள் விடுகிறது. ஓர் அடி உயரத் தண்ணீர் தன் அடியில் தருகிற அழுத்தம் அவ்வளவுதான். அடுப்புக்கு வந்து சேரும் கேஸ் அத்தனை சாதுவானது.

அந்தச் சாதுவான கேஸ் பித்தளை ஜெட்டின் துளை வழியே வெளியேறுகிறது. துளையின் விட்டம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. 30 மில்லிபார் அழுத்தத்தில் அதிலிருந்து கேஸ் பாயும் வேகத்தைக் கணக்குப் போட்டால் விநாடிக்கு ஏறக்குறைய 50 மீட்டர் வரும், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அடுப்பைக் கவிழ்த்துப் பார்த்தால் ஜெட்டுக்கும் பர்னர் குழாயின் வாய்க்கும் இடையே திறந்த இடைவெளி ஒன்று தெரியும். அந்த வழியாகக் கேஸ் ஏன் வெளியே கசிவதில்லை? இத்தனை வேகத்தில் பாயும் தாரை தன்னைச் சுற்றியுள்ள காற்றையும் இழுத்துக்கொண்டு குழாய்க்குள் ஓடிவிடுகிறது. மோட்டார் இல்லை, விசிறி இல்லை. கேஸ் தனக்கு வேண்டிய காற்றைத் தானே இழுத்துக்கொள்கிறது. 1855இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் ராபர்ட் புன்சன் தன் ஆய்வகத்துக்காக, கருவி செய்யும் பீட்டர் டெசாகாவைக் கொண்டு உருவாக்கிய விளக்கு இந்த ஏற்பாட்டில்தான் எரிந்தது. பள்ளி ஆய்வகத்தில் பார்த்த அந்த விளக்கைப் படுக்கப் போட்டு, வாயில் துளையிட்ட மூடி வைத்தால் நம் அடுப்பு.

ஒரு பங்கு புரோப்பேன் முழுமையாக எரிய ஏறக்குறைய 24 பங்கு காற்று வேண்டும். பியூட்டேனுக்கு 31 பங்கு. இதில் பாதியளவு குழாய்க்குள்ளேயே கலந்துவிடுகிறது. மீதியைச் சுடர் தன்னைச் சுற்றியுள்ள காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. பெரிய பர்னர் ஒன்று மணிக்கு 200 கிராம் கேஸ் எரித்தால், அதற்காக இரண்டரை கன மீட்டருக்கு மேல் காற்று போகிறது. சாத்திய சமையலறையில் குக்கர், சாம்பார், எண்ணெய்ச் சட்டி என்று மூன்று பர்னரையும் ஏற்றிவிட்டு, காற்று வந்தால் சுடர் ஆடுகிறது என்று ஜன்னலையும் அடைத்துக்கொண்டு நிற்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

இனி, எல்லாரும் சொல்லும் முதல் புகார்: சுடர் மஞ்சளாக எரிகிறது, பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்கிறது.

சுடரின் நிறம் வெறும் அழகுக்கானது இல்லை. காற்று போதுமான அளவு கலந்திருந்தால் கேஸின் மூலக்கூறுகள் எரியும்போது உடைந்து, கணநேரம் மட்டும் வாழும் சிறு துண்டுகளாகின்றன. கார்பனும் ஹைட்ரஜனும் ஒட்டிய துண்டு, இரண்டு கார்பன் ஒட்டிய துண்டு என்று அவற்றில் சில வெளியிடும் ஒளிதான் அந்த நீலமும் இளம்பச்சையும். காற்று குறைந்தால் கதை மாறுகிறது. ஆக்சிஜன் கிடைக்காத கார்பன்கள் ஒன்றோடொன்று சேர்ந்து நுண்ணிய புகைக்கரித் துகள்களாகின்றன. அந்தத் துகள்கள் சுடரின் வெப்பத்தில் தகதகவென்று ஒளிர்வதுதான் மஞ்சள். அதாவது மஞ்சள் சுடரில் நாம் பார்ப்பது, எரிந்திருக்க வேண்டிய கார்பன் எரியாமல் சூடேறி மிதப்பதை. சுடரின் உச்சிக்குப் போகும்போது காற்று கிடைத்தால் அது எரிந்துவிடும். நடுவில் குளிர்ந்த பாத்திரம் குறுக்கிட்டால் அங்கேயே கரியாகப் படிந்துவிடும். மெழுகுவத்தியில் நடப்பதும் இதுதான். மைக்கேல் ஃபாரடே லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர்களுக்காக மெழுகுவத்தியைப் பற்றி நடத்திய புகழ்பெற்ற சொற்பொழிவுகளில், இந்தக் கரியைச் சுடருக்குள்ளிருந்து வெளியே எடுத்துக் காட்டினார்.

கரி என்றால் காசும் வீண்தான். இந்தியத் தரவிதி வீட்டு அடுப்புக்குக் குறைந்தது 68 விழுக்காடு வெப்பத்திறன் கேட்கிறது. காற்று திணறும் அடுப்பில் அந்த அளவு எட்டாது. அதைவிடக் கவலைக்குரியது, முழுமையாக எரியாத கார்பன் எல்லாமே கரியாக மட்டும் வெளியேறுவதில்லை என்பது. ஒரு பகுதி கார்பன் மோனாக்சைடாகப் போகிறது. நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு, ரத்தத்தில் ஆக்சிஜன் அமர வேண்டிய இடத்தை, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் பிடிவாதமாகப் பற்றிக்கொள்ளும். பாத்திரம் கறுக்கிற அடுப்பில் நீண்ட நேரம் சமைத்துத் தலைவலிக்கிறது என்றால் அதை வெயில் கணக்கில் எழுதக்கூடாது.

காரணத்தைத் தேட வேண்டிய இடங்கள் மிகச் சில. முதலில் பர்னர் மூடி. துடைத்துக் கழுவித் திரும்ப வைக்கும்போது ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தாலே அந்தப் பக்கம் மட்டும் மஞ்சளாக நீளும்; எடுத்துச் சரியாக வைத்தால் தீர்ந்தது. அடுத்தது, கீழே ஜெட்டுக்கும் குழாய் வாய்க்கும் இடையிலுள்ள அந்த இடைவெளி. தாளிக்கும் எண்ணெய்ப் புகை, மாவுத் தூள், தூசி மூன்றும் சேர்ந்து அங்கே பிசினாகப் படியும். மூன்றாவது எதிரி சிலந்தி. ஊருக்குப் போய்ச் சில வாரம் கழித்துத் திரும்பியவர்கள் அடுப்பு திடீரென்று மஞ்சளாக எரிவதைப் பார்ப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்: குழாய்க்குள் ஒரு வலை. அந்த மெல்லிய வலை கேஸைத் தடுக்காது. காற்றை இழுக்கும் வேகத்தைக் கெடுத்துவிடும். சிலந்திகளுக்கும் எரிபொருள் குழாய்களுக்கும் உள்ள உறவு நம் சமையலறையோடு நிற்பதில்லை. 2011இல் மாஸ்டா நிறுவனம் வட அமெரிக்காவில் ஏறக்குறைய 65,000 கார்களைத் திரும்ப அழைத்தது, எரிபொருள் தொட்டியின் காற்றுக்குழாயில் ஒருவகை மஞ்சள் சிலந்தி வலை பின்னியதற்காக. நம் அடுப்புக்கு அத்தனை ஆர்ப்பாட்டம் தேவையில்லை. ரெகுலேட்டரை மூடிவிட்டு, பர்னரைக் கழற்றி, பாட்டில் கழுவும் நீண்ட பிரஷ்ஷைக் குழாய்க்குள் விட்டு எடுத்தால் போதும்.

நாலாவது காரணம் நம் கைவேலை. சுடர் சின்னதாக எரிகிறதே என்று ஜெட் துளைக்குள் ஊக்கைவிட்டுக் குடைவது. பித்தளை மென்மையான உலோகம். எஃகு ஊக்கு அதைச் சீவிவிடும். விட்டம் பத்து விழுக்காடு கூடினால் துளையின் பரப்பு 21 விழுக்காடு கூடுகிறது. கேஸும் அந்த அளவு கூடுதலாகப் பாய்கிறது. குழாயோ பழைய ஜெட்டுக்காக அளந்து செய்தது. விளைவு, சுடர் பெரிதாகிறது, மஞ்சளாகவும் ஆகிறது. ஜெட் அடைத்திருந்தால் மாற்றிவிடுவதே நல்லது; அடுப்பின் மற்ற எந்த உதிரிபாகத்தையும்விட அது மலிவு. சிலிண்டரிலிருந்து குழாய்வழி இயற்கை எரிவாயுவுக்கு மாறுகிற வீடுகளில் ஜெட்டை மாற்றியே தீர வேண்டும் என்பதற்கும் காரணம் இதுதான். குழாயில் வருவது மீத்தேன். ஒரு பங்குக்குப் பத்துப் பங்குக்கும் குறைவான காற்றே அதற்குப் போதும், ஆனால் ஒரு லிட்டருக்குக் கிடைக்கும் வெப்பமும் குறைவு. அதனால் அதற்குப் பெரிய துளை. அந்தத் துளையோடு அடுப்பை மறுபடியும் சிலிண்டரில் மாட்டினால் சட்டி முழுக்கக் கரிதான்.

மஞ்சளாகத் தெரிவதெல்லாம் கோளாறு என்று பயப்படவும் வேண்டாம். சாதம் பொங்கி வழிந்த உப்பு நீர், தூவிய உப்பு, வீடு பெருக்கும்போது எழும் தூசி இவையெல்லாம் சுடரில் ஆரஞ்சுப் பொறிகளைக் கிளப்பும். அது உப்பிலுள்ள சோடியத்தின் நிறம். தெருவிளக்குகளில் முன்பு பார்த்த அதே நிறம். சில நொடியில் அடங்கிவிடும், பாத்திரத்தைக் கறுக்கச் செய்யாது. சந்தேகம் வந்தால் பளபளவென்று தேய்த்த எவர்சில்வர் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு அடியில் விரலால் தடவிப் பாருங்கள். விரலில் ஒட்டினால் கரி, ஒட்டாவிட்டால் சோடியம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். துடைப்பதற்குச் சோம்பல்பட்டுப் பர்னரைச் சுற்றி அலுமினியத் தாளை விரிப்பவர்கள், அகலமான இரும்புத் தோசைக்கல்லைத் தாங்கும் கம்பிவளையத்தை எடுத்துவிட்டுப் பர்னருக்கு நெருக்கமாக வைப்பவர்கள் இருவருமே சுடர் சுற்றுப்புறத்திலிருந்து எடுக்க வேண்டிய மீதிக் காற்றை அடைக்கிறார்கள். அடுப்பு புதிதாக இருக்கும், பர்னர் சுத்தமாக இருக்கும், ஆனாலும் கல்லின் விளிம்பில் மஞ்சள் நாக்குகள் எட்டிப்பார்க்கும். மெக்கானிக் வந்து கல்லை எடுத்துவிட்டுப் பற்றவைத்ததும் சுடர் நீலமாக எரியும். வந்த கோளாறு எங்கே என்று எல்லாரும் முழிப்பார்கள்.

அடுத்த புகார், சுடர் வட்டமாக எரியாமல் அங்கங்கே பல் விழுந்தது போல் எரிவது. இதில் பெரிய அறிவியல் ஒன்றும் இல்லை, பால் பொங்கியிருக்கிறது. ஆனால் சுத்தம் செய்வதில் கொஞ்சம் வேதியியல் உண்டு. பாலில் புரதமும் கொழுப்பும் போக, கால்சியமும் பாஸ்பேட்டும் கணிசம். எரிந்தபின் துளையில் கல்லாக மிஞ்சுவது இந்தத் தாது உப்பு. சோடா மாவு கொழுப்பைப் போக்கும், இந்தக் கல்லை அசைக்காது. எலுமிச்சை, புளி, வினிகர் போன்ற அமிலம்தான் அதை இளக்கும். புளித்தண்ணீரில் ஊறிய பித்தளை பர்னர் தங்கமாகப் பளபளப்பதைப் பார்த்து வேலை முடிந்தது என்று நினைப்போம். அது மேற்பரப்பிலுள்ள ஆக்சைடு போன பளபளப்பு மட்டுமே. ஊறவைத்தபின் துளைகளை ஒவ்வொன்றாக ஊசியால் திறக்க வேண்டும். இங்கே ஊசி போடலாம், பர்னர் துளைகள் ஜெட்டைப் போல நுட்பமாக அளந்தவை இல்லை. பிறகு நன்றாகக் காயவிட வேண்டும். ஈரத்தோடு மாட்டினால் துளைகளில் நிற்கும் நீர்த்துளிகளே சிறிது நேரத்துக்குத் தடுப்பணையாகி, அடுப்பு படபடவென்று அடித்துக்கொள்ளும்.

மஞ்சளைவிட மக்களை அதிகம் பயமுறுத்துவது சத்தம். தீயைக் குறைத்ததும் 'டப்' என்று ஒரு வெடிப்பு, பிறகு சுடரே தெரியாமல் அடுப்புக்குள்ளிருந்து புஸ்ஸென்ற இரைச்சல். சுடர் பின்வாங்கிக் குழாய்க்குள் போய் ஜெட்டின் வாயிலேயே எரிகிறது.

இது நடக்கும் விதம் சுவாரசியமானது. காற்றோடு கலந்த கேஸில் சுடர் ஓரிடத்தில் நிற்பதில்லை. கலவையைத் தின்றுகொண்டே பின்னோக்கி நகர்கிறது, விநாடிக்கு ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் வேகத்தில். பர்னர் துளையிலிருந்து கலவை வெளியே வரும் வேகம் அதைவிடக் கூடுதலாக இருப்பதால்தான் சுடர் துளையின் வாயில் கட்டிப்போட்டது போல் நிற்கிறது. ஆற்று ஓட்டத்துக்கு எதிரே நீந்தியும் இருந்த இடத்திலேயே இருக்கும் மீனின் நிலை அதற்கு. தீயைக் குறைத்தால் ஓட்டம் தணிகிறது. மிகவும் தணிந்தால் சுடர் முன்னேறி உள்ளே நுழைந்துவிடும். அப்படியும் சாதாரணமாக நுழைவதில்லை. துளைகள் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான அகலத்தில் இருந்தால் அவற்றின் உலோகச் சுவர் வெப்பத்தை உறிஞ்சி, நுழைய வரும் சுடரை வாசலிலேயே அணைத்துவிடும். 1815இல் ஹம்ஃப்ரி டேவி நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்காகச் செய்த பாதுகாப்பு விளக்கில், கம்பிவலை இந்த வேலையைத்தான் செய்தது.

ஆகவே பின்வாங்கல் நடந்தால் இந்தக் காவல் எங்கோ தளர்ந்திருக்கிறது. மூடி சரியாக உட்காராமல் விளிம்பில் இடைவெளி இருக்கலாம். தேய்ந்தும் விரிசல்விட்டும் துளைகள் பெரிதாகியிருக்கலாம். நீண்ட நேரம் எரிந்து பர்னர் மிகச் சூடேறியிருந்தால் உலோகத்தால் வெப்பத்தை உறிஞ்ச முடியாது. ஜெட் பாதி அடைத்து, கேஸ் குறைந்து காற்று மிஞ்சியிருக்கலாம். எதுவானாலும் உடனே செய்ய வேண்டியது குமிழை மூடுவது. உள்ளே எரிவதை அப்படியே விட்டால் குழாயும் குமிழும் சூடேறும், ரப்பர் டியூப் மாட்டிய முனை வரை வெப்பம் போகும். ஆறவிட்டு, மூடியைச் சரிசெய்து, மறுபடி பெரிய தீயில் பற்றவைக்க வேண்டும். அணைக்கும்போது மட்டும் மெல்லியதாக ஒரு 'டுப்' கேட்டால் அதைக் கண்டுகொள்ள வேண்டாம். குழாயில் மிஞ்சிய கடைசி மடக்குக் கலவையைச் சுடர் தின்னும் சத்தம் அது.

சுடர் பர்னரைவிட்டு எழும்பி நின்று துள்ளுவது இதன் எதிர்ப்பக்கம். ஓட்டம் சுடரின் வேகத்தை மிஞ்சிவிட்டது. இரண்டு பர்னரிலும் அப்படி நடந்தால் ரெகுலேட்டரைச் சந்தேகிக்க வேண்டும். அதற்குள்ளிருக்கும் ரப்பர்த் தகடு தளர்ந்து அழுத்தத்தைக் கட்டுப்படுத்தாமல் விடுகிறது. ரெகுலேட்டரைத் திறந்து பழுது பார்ப்பது வீட்டில் செய்கிற வேலை இல்லை. கேஸ் ஏஜென்சியில் கொடுத்து மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஒரு பர்னரா, எல்லா பர்னருமா என்ற இந்தக் கேள்வியை எந்தக் கோளாறிலும் முதலில் கேட்டுக்கொண்டால் பாதித் தேடல் மிச்சம். ஒன்றில் மட்டும் தீ குறைவு என்றால் அதன் ஜெட்டிலோ குமிழிலோ கோளாறு. எல்லாவற்றிலும் குறைவு என்றால் ரெகுலேட்டர், மடங்கிய டியூப், அல்லது தீரப்போகும் சிலிண்டர். சிலிண்டர் தீரும் தறுவாயில் சுடர் சோர்வதற்கு ஒரு காரணம் உண்டு. எளிதில் ஆவியாகும் புரோப்பேன் முதலிலேயே அதிகம் வெளியேறிவிடும். கடைசியில் மிஞ்சுவதில் பியூட்டேன் மிகுதி. மதுரையிலும் திருச்சியிலும் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. ஊட்டியில் உறைபனி விழும் ஜனவரி விடியலில் தெரியும். பூஜ்ய டிகிரிக்கு அருகில் பியூட்டேனுக்கு ஆவியாக மனமே வராது. சிலிண்டர் கனமாக இருக்கும், அடுப்பு எரியாது. அதற்காகச் சிலிண்டரை வெந்நீரில் வைப்பதும், எங்கும் நடக்கிற மாதிரி படுக்கப்போட்டு உருட்டுவதும் ஆபத்து. படுக்கப்போட்டால் ஆவிக்குப் பதில் திரவமே ரெகுலேட்டருக்குள் போகும்; ஒரு பங்கு திரவம் ஏறக்குறைய 250 பங்கு ஆவியாக விரியும். எவ்வளவு மிச்சம் என்று தெரிய வேண்டுமானால் ஈரத்துணியால் சிலிண்டரைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் போதும். திரவம் உள்ள பகுதி வெப்பத்தை உள்ளே இழுத்துக்கொள்வதால் அங்கே ஈரம் தாமதமாகக் காயும். காய்ந்த பகுதியும் காயாத பகுதியும் சந்திக்கும் கோடுதான் மட்டம்.

கேஸ் வாசனை விஷயத்தில் மட்டும் ஆராய்ச்சி பிறகு, கை முதலில். எரிவாயுவுக்கு இயல்பாக மணம் கிடையாது. கசிவு தெரிய வேண்டும் என்று எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைத் துளியளவு கலக்கிறார்கள். காற்றில் கேஸ் ஏறக்குறைய 2 விழுக்காட்டை எட்டினால்தான் தீப்பற்றும் நிலை வரும்; அதில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும்போதே மூக்குக்குத் தெரிய வேண்டும் என்பது விதி. மெர்காப்டன் கேஸைவிட மெதுவாக ஆவியாவதால் சிலிண்டரின் கடைசி நாட்களில் வாசனை சற்றுத் தூக்கலாக இருக்கும். ஆனாலும் அதுதான் காரணம் என்று நாமே தீர்ப்புச் சொல்லிக்கொள்ளக்கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, எந்த ஸ்விட்சையும் போடாமலும் அணைக்காமலும் வெளியே வந்துவிட வேண்டும். மின்விசிறியைப் போட்டால் கேஸ் வெளியேறும் என்று நினைத்து ஸ்விட்சைத் தட்டுவதுதான் பல விபத்துகளின் தொடக்கம். இந்த வாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது; மேலே போகாது, தரையில் படர்ந்து கிடக்கும். ஜன்னலைவிட வாசற்கதவு முக்கியம். 1906 என்ற அவசர எண் நாடு முழுக்க இதற்காகவே இருக்கிறது.

கசிவு எங்கே என்று தேடுவது சோப்பு நுரையின் வேலை. தீக்குச்சியைக் காட்டிப் பார்க்கும் வீரர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெரும்பாலும் இரண்டே இடம்தான்: சிலிண்டர் வால்வுக்குள்ளிருக்கும் ரப்பர் வளையம், டியூபின் இரு முனைகள். புது சிலிண்டர் மாட்டிய அன்றே வாசனை வந்தால் அந்த வளையம்தான். ஆரஞ்சு நிற டியூபின் மேலேயே அதன் காலக்கெடு அச்சிட்டிருக்கும், ஐந்து ஆண்டு. வெளியே பளபளப்பாக இருக்கிறதே என்று நீட்டிப்பு கொடுக்க அது அரசு ஒப்பந்தம் இல்லை.

கண்ணாடி மேடையில் பதித்த புதிய அடுப்புகளில் வேறொரு புகார் வருகிறது: அழுத்திப் பிடித்தால் எரிகிறது, கையை விட்டால் அணைகிறது. சுடருக்குப் பக்கத்தில் பென்சில் முனைபோல நீட்டிக்கொண்டிருக்கும் சிறு கம்பிதான் இங்கே காவலாளி. இரண்டு உலோகங்களின் இணைப்பைச் சூடாக்கினால் மின்னழுத்தம் பிறக்கும் என்பது 1821இல் சீபெக் கண்ட விளைவு. சுடர் தரும் அந்த மின்னழுத்தம் வெறும் இருபது முப்பது மில்லிவோல்ட். அது ஊட்டும் காந்தத்துக்கு வால்வை இழுக்கும் தெம்பு இல்லை. ஏற்கெனவே இழுத்த வால்வைப் பிடித்துக்கொள்ளும் தெம்பு மட்டும் உண்டு. அதனால்தான் முதலில் நம் விரல் அழுத்த வேண்டியிருக்கிறது. சுடர் அணைந்தால் காந்தம் கைவிட்டுவிடும், கேஸ் நிற்கும். அந்த முனையில் சாம்பார் தெறித்துக் காய்ந்தாலோ, கம்பி வளைந்து சுடரைவிட்டு விலகினாலோ சூடு போதாது. மெல்லத் துடைத்து, சுடர் நக்கும் இடத்துக்குக் கொண்டுவந்து, பற்றவைத்தபின் பத்து விநாடி அழுத்திப் பிடித்துப் பாருங்கள். கழுவியபின் தானியங்கிப் பொறி டிக் டிக் என்று ஓயாமல் அடித்தால் அது ஈரம். ஒருநாள் காயவிட்டால் அடங்கும்.

ஓவனுக்கு வருவோம். இங்கேயும் புகார் காற்றைப் பற்றியதுதான், ஆனால் தலைகீழாக. ஓவனில் காற்றுக்கு நாம் கொடுக்கும் மரியாதை அதிகம்.

30 லிட்டர் மின் ஓவன் (ஓடிஜி) ஒன்றை 200 டிகிரிக்கு வைத்தால் உள்ளே இருக்கும் காற்றின் எடை இருபது கிராம் சொச்சம். அதைச் சூடேற்ற 1500 வாட் கம்பிக்கு இரண்டு மூன்று விநாடி போதும். எனவே விளக்கு அணைந்து 'சூடாகிவிட்டது' என்று அடுப்பு சொல்லும்போது, சூடானது காற்றும் தெர்மோஸ்டாட்டைச் சுற்றிய இடமும்தான். கேக்கை வேகவைப்பதில் பெரும்பங்கு சுவர்களும் கம்பிகளும் வீசும் கதிர்வெப்பத்துக்கு. கதிர்வீச்சின் கணக்கு கறாரானது. 1879இல் யோசஃப் ஸ்டெஃபான் கண்டதுபோல் அது வெப்பநிலையின் நான்காம் படியாக ஏறும். சுவர் 200 டிகிரிக்குப் பதில் 150 டிகிரியில் இருந்தால் அது வீசும் வெப்பம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். விளக்கு அணைந்த பிறகும் பத்து நிமிடம் காத்திருந்து மாவை உள்ளே வைத்தால், செய்முறையில் தவறு என்று நினைத்த பல கேக்குகள் எழும்பிவிடும்.

மேலே கருகி அடியில் மாவாக இருந்தால் கீழ்க்கம்பி செத்திருக்கலாம். அறையை இருட்டாக்கி, அதிகபட்ச சூட்டில் வைத்துக் கண்ணாடி வழியே பார்த்தால் எந்தக் கம்பி ஒளிரவில்லை என்று தெரிந்துவிடும். எல்லாக் கம்பியும் எரிந்தும் சாயங்காலம் மட்டும் வேக மறுத்தால் மின்னழுத்தத்தைப் பாருங்கள். வெப்பத்திறன் மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. 230 வோல்ட் 200 ஆகக் குறைந்தால் ஓவன் கால் பங்கு திறனை இழந்துவிடும். அடி மட்டும் கருகினால் பழி தட்டின் நிறத்துக்கு. கறுத்த தட்டு கதிர்வெப்பத்தை விழுங்கும், பளபளக்கும் அலுமினியம் திருப்பி அனுப்பும்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கும் உறவினர் வீட்டு கேஸ் ஓவன்களில் பிரபலமான நோய் வேறு. பற்றவைக்கும் சிலிக்கன் கார்பைடுத் துண்டு செந்நிறமாக ஒளிர்கிறது, ஆனால் கேஸ் வரவில்லை. ஒளிர்கிறதே, அது நன்றாகத்தான் இருக்கிறது என்று வால்வை மாற்றிச் செலவு செய்வார்கள். அந்தத் துண்டு வழியாகப் போதிய மின்னோட்டம் பாய்ந்தால்தான் வால்வு திறக்கும். வயதாக ஆக அதன் மின்தடை ஏறி, ஒளிரவும் செய்யும், ஓட்டமும் போதாது. மாற்ற வேண்டியது வால்வை இல்லை, அந்தத் துண்டை.

குமிழில் எழுதிய எண்ணுக்கும் உள்ளே நிலவும் சூட்டுக்கும் உள்ள உறவு தூரத்து உறவு. தெர்மோஸ்டாட் ஓரிடத்தில் உட்கார்ந்து, மேலும் கீழுமாகப் பத்து இருபது டிகிரி ஊசலாடவிட்டே சராசரியைக் காப்பாற்றும். ஓவனுக்குள் வைக்கும் தனி வெப்பமானி வாங்கிவிடுவது நல்லது. இல்லாதவர்கள் சர்க்கரையை நம்பலாம். அது ஏறக்குறைய 186 டிகிரியில் உருகும். அலுமினியத் தாளில் ஒரு கரண்டி சர்க்கரையை வைத்து, நன்றாகச் சூடேறிய ஓவனில் 175இல் கால்மணி நேரம் விட்டால் உருகக்கூடாது. 190இல் உருக வேண்டும். நேரத்தை நீட்டிக்கொண்டே போனால் குறைந்த சூட்டிலும் அது பழுத்து இளகத் தொடங்கும் என்பதால் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளவும்.

ஐப்பசி கார்த்திகையில் ஒரு புகார் தவறாமல் வரும். ஓவனைப் போட்டதும் வீட்டு மின்சாரமே போகிறது. நல்ல ஓவனின் வெப்பக்கம்பி, உலோக உறைக்குள் மெக்னீசியம் ஆக்சைடு தூள் அடைத்துச் செய்தது. அந்தத் தூள் வெப்பத்தைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் ஈரத்தை உறிஞ்சும். மாதக்கணக்கில் பயன்படுத்தாமல் மழைக்காலத்தில் திடீரென்று போட்டால், ஈரம் ஏறிய தூள் வழியே சிறிது மின்சாரம் உறைக்குக் கசிந்து எர்த்துக்குப் போகிறது. 30 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் கசிவுத் தடுப்பான் தன் கடமையைச் செய்துவிடும். இதற்காக எர்த் கம்பியைப் பிடுங்கிவிட்டு ஓவனை ஓட்டுகிறவர்கள், கசியும் மின்சாரத்துக்குத் தம் கையையே வழியாகத் தருகிறார்கள். எலக்ட்ரீஷியனை அழைத்து மின்காப்பை அளக்கச் சொல்லுங்கள். ஈரம்தான் காரணம் என்றால் அவர் கம்பியைக் கழற்றிக் காயவைத்துத் தந்துவிடுவார். அப்படியே ஓவனைச் செருகியிருக்கும் பிளக்கையும் காட்டுங்கள்: 2000 வாட் ஓவன் எட்டே முக்கால் ஆம்பியர் வாங்கும், அதை 6 ஆம்பியர் சாக்கெட்டில் மாற்றுச்செருகி வைத்துப் போட்டால் பிளக்கின் பிளாஸ்டிக் பழுப்பாகியிருக்கும். 16 ஆம்பியர் சாக்கெட் போட்டுக்கொண்டு, மழைக்காலம் முடியும்வரை வாரம் ஒருமுறையாவது அரைமணி நேரம் குறைந்த சூட்டில் ஓவனை ஓடவிட்டால் தூளில் ஈரம் ஏறாது.